வெளிர் செம்மையும் அதன் அண்டை நிறங்களும்

சிவப்போடு வெண்மையும் சிறிது மஞ்சளும் கலக்கும்போது பிறக்கும் வெளிர் செம்மை, துணிக்கடையிலும் வண்ணப்பூச்சுக் கடையிலும் பவள நிறம், சால்மன், பீச் எனப் பல பெயர்களில் விற்கப்படுகிறது. கடையில் தனியே பார்க்கும்போது மனத்தைக் கவரும் இந்நிறம், வீட்டுச் சுவருக்கோ திருமண அழைப்பிதழுக்கோ வந்து சேர்ந்ததும் சோகை பிடித்தாற்போல் வெளிறியோ கண்ணை உறுத்தியோ நிற்பதுண்டு. அதற்குப் பெரும்பாலும் காரணமாவன அதனருகில் வைக்கப்படும் நிறங்களே.

இதனை விளங்கிக்கொள்ள, நிறத்தின் மூன்று பண்புகளை முதலில் பிரித்தறிய வேண்டும். அமெரிக்க ஓவியர் ஆல்பர்ட் மன்செல் 1905-இல் வெளியிட்ட நூலில் அவற்றை முறையாக வகுத்துக் காட்டினார். சிவப்பா, பச்சையா, நீலமா என்பதைக் குறிப்பது சாயல். வெண்மைக்கும் கருமைக்கும் இடையில் ஒரு நிறம் எங்கே நிற்கிறது என்பதைக் குறிப்பது ஒளிர்வு. சாம்பல் கலப்பின்றி அது எவ்வளவு அழுத்தமாக இருக்கிறது என்பதைக் குறிப்பது செறிவு. இவ்வகையில் வெளிர் செம்மை, சிவப்பிலிருந்து ஆரஞ்சின் பக்கம் சற்றே சாய்ந்த சாயலும், உயர்ந்த ஒளிர்வும், மிதமான செறிவும் கொண்ட நிறமாகும்.

அண்டை நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் விதத்தை ஆராய்ந்தவர், பாரிஸ் நகரின் கோப்லான் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் 1824 முதல் சாயப் பிரிவைக் கவனித்து வந்த வேதியியலாளர் மிஷல் செவ்ரெல். நெசவில் கருப்பு நூல் அழுத்தமாகத் தெரியவில்லை என்ற புகாரை அவர் ஆய்ந்தபோது, சாயத்தில் பிழையில்லை என்பதும், பக்கத்தில் நெய்யப்பட்ட நீலமும் ஊதாவுமே கருமையைக் குன்றச் செய்தன என்பதும் தெரியவந்தன. 1839-இல் அவர் நூலாக வெளியிட்ட இக்கோட்பாட்டின்படி, அருகருகே உள்ள இரு நிறங்கள், தம்மிடையே உள்ள வேறுபாட்டை மிகைப்படுத்திக் காட்டுகின்றன. ஆகவே, முழுச் சிவப்பின் பக்கத்தில் வைக்கப்படும் வெளிர் செம்மை சாயம் போனதுபோல் தோன்றும்; நீலப்பச்சையின் பக்கத்தில் அதுவே சிவந்து எழும்; வெறும் சாம்பல் நிறத்தோடு சேர்ந்தாலோ, அந்தச் சாம்பலில் இல்லாத நீலப்பச்சைச் சாயல் ஏறியிருப்பதாகக் கண்ணுக்குப் படும்.

இந்நிறத்தைச் சுற்றித் தொகுதி அமைப்பதற்கு மூன்று வழிகள் வழக்கில் உள்ளன. ஒரே சாயலின் வெளிறிய படிகளையும் ஆழ்ந்த படிகளையும் சேர்ப்பது முதல் வழி. சந்தனம், மாம்பழ மஞ்சள், செங்கல் நிறம் போன்று நிறச்சக்கரத்தில் அடுத்தடுத்து இருப்பவற்றைச் சேர்ப்பது இரண்டாம் வழி. சக்கரத்தின் எதிர்ப்புறத்தில் உள்ள நீலப்பச்சையைச் சேர்ப்பது மூன்றாம் வழி. முதலிரண்டும் அமைதி தருமெனினும், எல்லா நிறங்களும் ஒரே ஒளிர்வில் இருந்துவிட்டால் உருவங்களின் எல்லை மங்கிப் போகும். மூன்றாம் வழியில் எழுச்சி மிகுமெனினும், இரண்டு நிறங்களும் சம அளவில் பரவினால் பார்வை எதிலும் நிலைகொள்ளாது.

இவ்வழிகளுள் ஒன்றுக்கு மேற்பட்டவை ஒருங்கே பயன்பட்டிருப்பதற்கு லண்டனின் பைனான்சியல் டைம்ஸ் நாளிதழ் நல்ல சான்று. 1888-இல் தொடங்கப்பட்ட அவ்விதழ், போட்டி இதழான பைனான்சியல் நியூஸிலிருந்து வேறுபட்டுத் தெரிவதற்காக 1893 முதல் சால்மன் நிறத் தாளில் அச்சாகத் தொடங்கியது. அதன் இணையதளத்திலும், மிக வெளிறிய அந்தச் செம்மை பின்னணியாகப் பரந்திருக்க, எழுத்து கருமையாகவும், துணை நிறங்கள் ஆழ்ந்த திராட்சைரசச் சிவப்பு, அடர்நீலம், நீலப்பச்சை எனவும் அமைந்துள்ளன. வெளிறிய நிறம் மிகுதியான பரப்பையும், ஆழ்ந்த நிறங்கள் சிறு பரப்பையும் பெறுவதால், ஒன்று மற்றொன்றை அமுக்காமல் நிற்கிறது.

கட்டடக் கலையில் இதற்கு நிகரான எடுத்துக்காட்டு ஜெய்ப்பூர். 1876-இல் வேல்ஸ் இளவரசரின் வருகையை ஒட்டி, மன்னர் இரண்டாம் சவாய் ராம் சிங் காலத்தில் நகரச் சுவர்கள் செம்மை பூசப்பட்டன என்பது வரலாறு. அந்நகரில் 1799-இல் எழுந்த ஹவா மகால் அரண்மனையின் முகப்பில், செம்மைப் பரப்பின் மேல் சன்னல் விளிம்புகளிலும் வளைவுகளிலும் வெள்ளைக் கோடுகள் ஓடுகின்றன. வெண்மை அருகில் இருப்பதால் சுவரின் செம்மை இன்னும் ஆழமாகத் தோன்றுவதோடு, வெயில் கூசும் நண்பகலிலும் சன்னல்களின் வடிவம் பிரிந்து தெரிகிறது.

எழுத்து இடம்பெறும் பணிகளில் ஒளிர்வின் வேறுபாட்டைக் கணக்கிட்டே அறியலாம். கணினித் திரையில் சால்மன் என்ற பெயரால் வழங்கும் நிறம், 0 முதல் 255 வரையான அளவில் சிவப்பு 250, பச்சை 128, நீலம் 114 என்ற கலவையாகும். அதன் மேல் வெள்ளை எழுத்தை வைத்தால் வேறுபாட்டு விகிதம் ஏறத்தாழ 2.5 ஆகிறது, கருப்பு எழுத்தை வைத்தால் 8.4 ஆகிறது. வலைத்தள அணுகல் வழிகாட்டுதல்கள் சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 கேட்பதால், பலரும் அழகெனக் கருதும் வெள்ளை எழுத்து இங்கே படிக்கத் தகுதியற்றதாகிறது.

விளக்கொளியும் கணக்கில் கொள்ளத்தக்கது. 2700 கெல்வின் அளவுள்ள மஞ்சள் வெளிச்சத்தில் இந்நிறம் ஆரஞ்சை நோக்கிச் சாயும். 6500 கெல்வின் வெண்ணொளியில் அதன் வெதுவெதுப்பு குறைந்து ரோஜா நிறத்தை நெருங்கும். ஆகையால், வெளிர் செம்மையைத் தேர்ந்தவர்கள் முதலில் ஒளிர்வில் நன்கு தாழ்ந்த ஒரு துணை நிறத்தையும், அடுத்து ஒவ்வொன்றுக்கும் உரிய பரப்பையும் முடிவுசெய்து, சாயலை அதன்பின் தேர்ந்து, அவை புழங்கப்போகும் அதே வெளிச்சத்தில் மாதிரிகளை ஒன்றாக வைத்துப் பார்த்த பிறகே பணியைத் தொடங்குவது தக்கதாகும்.