எபிசோடு 31: ஊர் சுத்தும்போது எடுக்கிற போர்ட்ரெய்ட் – எவ்வளவு வெட்டலாம், எவ்வளவு திருத்தலாம்?

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தீங்க. "டூர் போனா நூத்துக்கணக்குல போட்டோ எடுக்கறோம். ஆனா கூட வந்த ஆளோட நல்ல படம் ஒண்ணுகூட தேற மாட்டேங்குதே, ஏன்?"

முதல்லயே சொல்லிடறேன், நான் போட்டோகிராபர் கிடையாது. பகல் முழுக்க கோடு எழுதறவன். ஆனா இந்த விஷயத்துல ஒரு தடவை நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன், அதுவும் எங்க அப்பாகிட்ட. அந்தக் கதையை வெச்சே சொன்னா சுலபமா புரியும்.

அப்பா அரசு பஸ் டிரைவரா இருந்து ரிட்டையர் ஆனவர். மதுரை–ராமேஸ்வரம் ரூட்டுல பல வருஷம் ஓட்டியிருக்கார். ஆனா தனுஷ்கோடியைப் பார்த்ததே இல்லை. ராமேஸ்வரத்துல வண்டியை நிறுத்துவார், டீ குடிப்பார், திருப்பிக்கிட்டு வந்துடுவார். அங்கிருந்து தனுஷ்கோடி சுமார் 20 கிலோமீட்டர்தான். அதனால போன மே மாசம் நானே கூட்டிட்டுப் போனேன்.

1964 டிசம்பர் புயல்ல அழிஞ்ச ஊர் அது. இடிஞ்சுபோன சர்ச்சோட சுவர்கள் இன்னும் நிக்குது. எல்லாரையும் மாதிரி நானும் அப்பாவை அதுக்கு முன்னாடி நிக்கவெச்சு எடுத்தேன். சர்ச்சு முழுசா வரணும், வானமும் வரணும், மணலும் வரணும்னு பின்னாடி போயிக்கிட்டே இருந்தேன். பார்த்தா படத்துல அப்பா ஒரு எறும்பு சைஸ்ல இருக்கார். முகத்துல என்ன இருக்குன்னே தெரியலை.

நாம பண்ற முதல் தப்பு இதுதான். இடத்தையும் ஆளையும் ஒரே படத்துல சமமா காட்டப் பார்க்கிறோம். ரெண்டும் போயிடும். இடத்துக்குத் தனியா ஒரு படம் எடுத்துக்கங்க. ஆளோட படம்னா ஆள்தான் முக்கியம். இடம் ஒரு துண்டு தெரிஞ்சா போதும். அந்தச் சுவர்ல பவளக் கல்லு தெரியும். ரெண்டு அடி சுவர் பின்னாடி இருந்தாலே அது தனுஷ்கோடிதான்னு பார்க்கிறவங்களுக்குத் தெரிஞ்சுடும்.

ரெண்டாவது, வெளிச்சம். நாங்க போனது காலையில பதினொரு மணி. வெயில் உச்சந்தலைக்கு வர்ற நேரம் அது. கண்ணுக்குக் கீழ, மூக்குக்குக் கீழ கருப்பா நிழல் விழும், ஆளும் கண்ணைச் சுருக்குவார். அதுக்கு எடிட்டிங்ல மருந்து கிடையாது. நாலு அடி நகர்ந்து சுவரோட நிழலுக்குள்ள நிக்கச் சொல்லுங்க, முகம் திறந்த வானத்தைப் பார்த்து இருக்கட்டும். வெளிய இருக்கிற வெள்ளை மணலே வெளிச்சத்தைக் கீழ இருந்து முகத்துக்கு அனுப்பும். ஸ்டூடியோவுல இதுக்குன்னு வெள்ளைத் தட்டி வெச்சிருப்பாங்க. இங்க கடற்கரை அதை ஓசியில பண்ணுது.

மூணாவது, தூரம். போனை முகத்துக்குப் பக்கத்துல கொண்டுபோய் எடுத்தா மூக்கு பெருசாவும் காது சின்னதாவும் தெரியும். கேமராவுக்கு மூக்கு ரொம்பப் பக்கம், காது அதைவிட தூரம், அவ்வளவுதான் காரணம். ரெண்டு எட்டு பின்னாடி போயிட்டு 2எக்ஸ்ல எடுங்க. முகம் நாம நேர்ல பார்க்கிற மாதிரி வரும். அப்புறம் கிளிக் பண்றதுக்கு முன்னாடி தலைக்குப் பின்னாடி ஒரு தடவை பாருங்க. தலையில இருந்து கம்பம் முளைச்சிருக்கா, கழுத்தைக் கடல் கோடு வெட்டுதா? கம்பம்னா ஒரு அடி பக்கவாட்டுல நகருங்க, கடல் கோடுன்னா போனைக் கொஞ்சம் மேலயோ கீழயோ கொண்டுபோங்க, சரியாயிடும்.

இவ்வளவும் செஞ்சு ஒரு நல்ல படம் கிடைச்சது. அரைக்கை சட்டை, ரெண்டு கையையும் முன்னாடி கோத்துக்கிட்டு சுவர்ல சாய்ஞ்சு நிக்கிறார். போஸ் கொடுக்கலை, கடலைப் பார்த்துக்கிட்டு இருந்துட்டு என் பக்கம் திரும்பின நொடி அது.

அங்கேயே நிறுத்தியிருக்கணும். நான் நிறுத்தலை.

ராத்திரி ரூம்ல உக்கார்ந்து முகம் பெருசா தெரியட்டும்னு நெஞ்சு வரைக்கும் வெட்டினேன். அப்புறம் ஒரு ஆப்ல போட்டு, ஒரே தட்டுல எல்லாம் சரி பண்ணுமே, அந்தப் பட்டனைத் தட்டினேன். தோல் வழவழன்னு ஆச்சு, நெத்திச் சுருக்கம் காணோம், நிறம் ரெண்டு மூணு படி ஏறிடுச்சு. சூப்பரா இருக்குன்னு நினைச்சு அப்பாகிட்ட காட்டினேன்.

கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பார்த்தார். "யாருப்பா இவரு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்காரு?"ன்னார். சிரிச்சேன். அவர் சிரிக்கலை. "என் கை எங்கடா?"ன்னு கேட்டார்.

வெட்டினதைச் சொல்றார்னு நினைச்சு, கை தெரியற மாதிரி மறுபடி கிராப் பண்ணிக் காட்டினேன். அவர் ஒண்ணும் பேசாம மேசை மேல ரெண்டு கையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சார். வலது கை இடது கையைவிட நல்லாவே கருப்பு. டிரைவர் சீட்டு ஜன்னல் வலது பக்கம்தானே இருக்கு. 28 வருஷ வெயில் அந்த ஒரு கையிலதான் விழுந்திருக்கு. ஆப் அதை ஒரு நொடியில இடது கை கலருக்குக் கொண்டுவந்துடுச்சு. அவ்வளவு வருஷமா ஒரே வீட்டுல இருந்த நானும் அதைக் கவனிச்சதில்லை.

அன்னைக்கு ராத்திரி சரியா தூக்கம் வரலை மக்களே.

இதுல ஆப்பை மட்டும் குறை சொல்லிட முடியாது. 1950கள்ல இருந்து கலர் பிரிண்ட் போடற லேபுகளுக்கு கோடாக் ஒரு மாதிரிப் படம் கொடுத்துக்கிட்டு இருந்தது. 'ஷெர்லி கார்டு'ன்னு பேரு. அதுல இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு. அந்தத் தோல் நிறம் சரியா வந்தா மெஷின் சரியா இருக்குன்னு அர்த்தம். கருப்புத் தோல் எப்படி வருதுன்னு ரொம்ப காலம் யாரும் பெருசா கவலைப்படலை. பல நிறத்து ஆட்களை வெச்சு கார்டு வந்தது 1990கள்லதான். அதுக்கு மேல நாம சிவப்பழகு க்ரீம் விளம்பரம் பார்த்தே வளர்ந்தவங்க. வெளுத்தா நல்லா இருக்குன்னு கை தானா போகுது.

பெரிய ஆட்களும் இதுல தடுக்கி விழுந்திருக்காங்க. ஸ்டீவ் மெக்கரி தெரியுமில்லையா, 1985 ஜூன் நேஷனல் ஜியாகிரபிக் அட்டையில வந்த 'ஆப்கன் பெண்' படத்தை எடுத்தவர். 2016ல இத்தாலியில நடந்த அவரோட கண்காட்சியில ஒரு கியூபா படம் இருந்தது. எடிட் பண்ணும்போது நகர்த்தின கம்பத்துல ஒரு துண்டு அங்கேயே மிஞ்சியிருந்ததை ஒருத்தர் கண்டுபிடிச்சுட்டார். அப்புறம் அவரோட வேற படங்களையும் எல்லாரும் தோண்ட ஆரம்பிச்சாங்க. ஒரு துண்டுல பொய் தெரிஞ்சா மத்த படத்து மேலயும் சந்தேகம் வந்துடும்.

சரி, அப்போ என்ன பண்ணலாம்? நான் இப்ப பண்றதைச் சொல்றேன்.

ஒரிஜினல் மேல கை வைக்கக் கூடாது. புரொடக்‌ஷன்ல நேரா கோடு மாத்துவோமா? காப்பி எடுத்துக்கிட்டு வேலை பாருங்க.

முதல்ல கிராப். முழங்கை, மணிக்கட்டு, முட்டி மாதிரி மூட்டு இருக்கிற இடத்துல வெட்டாதீங்க, கை ஒடிஞ்ச மாதிரி இருக்கும். இடுப்புல, இல்லேன்னா நெஞ்சுல வெட்டுங்க. கண்ணு படத்தோட மேல் மூணுல ஒரு பங்குக்கிட்ட வரட்டும். ஆள் எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அந்தப் பக்கம் கொஞ்சம் இடம் விடுங்க. வெட்டினா தரம் போயிடுமேன்னு பயப்பட வேண்டாம். 12 மெகாபிக்சல் போட்டோவை நெட்டுக்குத்தா வெச்சா 3000க்கு 4000 பிக்சல். அதை 2400க்கு 3000ன்னு வெட்டினாலும் 8க்கு 10 இஞ்ச் பிரிண்ட் 300 டிபிஐல அருமையா வரும். ஆனா வெட்டறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டுக்கங்க: நான் வெளிய தள்ளறதுல இந்த ஆளோட கதை ஏதாவது போகுதா?

அப்புறம் எடிட். எக்ஸ்போஷர், ஹைலைட்ஸ், ஷேடோஸ், ஒயிட் பேலன்ஸ். நாலே ஸ்லைடர், அதுவும் கொஞ்சம் கொஞ்சமா. வெளிச்சத்தைத் திருத்தறது வேற, நிறத்தை மாத்தறது வேற. பின்னாடி வெள்ளை மணல் இருந்தா கேமரா ஏமாந்து முகத்தை இருட்டாக்கிடும். அதை நேர்ல பார்த்த அளவுக்கு ஏத்தறது தப்பே இல்லை. அதைத் தாண்டி வெளுப்பாக்கறதுதான் தப்பு. சந்தேகம் வந்தா நரைமுடியையும் வெள்ளைச் சட்டையையும் பாருங்க. அது ரெண்டும் வெளிறிப்போய் நூலே தெரியலைன்னா நீங்க எல்லை தாண்டிட்டீங்க. முகப்பருவோ, கொசுக்கடியோ அடுத்த வாரம் போயிடும், வேணும்னா எடுத்துடுங்க. மச்சம், தழும்பு, சுருக்கம் எல்லாம் அவங்களோடது. அதை அவங்களைக் கேட்காம தொடாதீங்க. முடிச்சதும் போனை வெச்சிட்டு, காலையில எழுந்து ஒரிஜினலோட பக்கத்துல வெச்சுப் பாருங்க. ராத்திரி பண்ண எடிட் பாதிக்கு மேல குறைக்கத் தோணும்.

இது வீட்டு ஆளுங்களுக்கு மட்டும் இல்லை. வழியில பார்க்கிற சங்கு விக்கிற அக்காவை எடுத்தாலும் இதேதான். முதல்ல கேட்டுட்டு எடுங்க, எடுத்ததும் காட்டுங்க. அவங்க முகத்துலயே தெரிஞ்சுடும்.

அப்பா படத்தை ஒரிஜினல்ல இருந்து மறுபடி பண்ணேன். இடுப்பு வரைக்கும் கிராப், ஷேடோஸ் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். 8க்கு 10 பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். "ம், இது நான்தான்"ன்னார். இப்ப ஹால்ல டிவிக்கு மேல மாட்டியிருக்கு. வீட்டுக்கு வர்றவங்க, "ஏன் ஒரு கை மட்டும் கருப்பா இருக்கு?"ன்னு கேட்பாங்க. அவர் பஸ் கதையை ஆரம்பிச்சுடுவார். அப்புறம் நிறுத்தறது கஷ்டம்.

உங்களுக்கு இந்த வாரம் ஒரு வேலை. பழைய டூர்ல எடுத்த ஒரு படத்தை எடுங்க, ஒரிஜினலுக்குத் திரும்பப் போங்க, நாலு ஸ்லைடரோட நிறுத்துங்க. அந்த ஆளுக்கே காட்டி என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம் மக்களே.