பாபிலோனுக்கு வந்த திருமுகம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு இதே மேடையில் நம் அன்பர் ஒருவர் திருவாசகத்தின் சிறப்பை எடுத்துரைக்கக் கேட்டு மகிழ்ந்தோம். அதற்கு முந்தைய ஆண்டு சீறாப்புராணம் பேசப்பெற்றது. இவ்வாண்டு கிறிஸ்தவ மறைநூல் அன்றாட வாழ்வில் தரும் ஊக்கத்தைப் பற்றி எங்கள் வீட்டார் பேசவேண்டும் என்று செயற்குழு பணித்திருக்கிறது. நாங்கள் போதகர்கள் அல்லோம். இறையியல் பயின்றோரும் அல்லோம். காலையில் அடுப்பை மூட்டுமுன் ஓர் அதிகாரம் வாசிக்கும் பழக்கம் ஒன்றே எங்களுக்குள்ள தகுதி. ஆகவே மறைநூல் முழுவதையும் விளக்கப் புகாமல், ஒரு வீட்டில் ஒரு வசனம் பட்ட பாட்டை மட்டும் சொல்ல விழைகிறோம்.

கிறிஸ்தவ இல்லங்களுக்குச் சென்று வந்தவர்கள் சுவரிலே வசன அட்டைகளைக் கண்டிருப்பீர்கள். ஆண்டின் கடைசி நாள் இரவு ஆலயத்தில் ஆராதனை முடிந்ததும், குடும்பத்துக்கு ஒன்றாக வாக்குத்தத்த அட்டை எடுப்பது நம்மவரிடையே உள்ள வழக்கம். 1998-ஆம் ஆண்டின் முடிவில் எங்கள் கைக்கு வந்தது எரேமியா 29-ஆம் அதிகாரத்தின் 11-ஆம் வசனம். இறைவன் தம் மக்களைக் குறித்து எண்ணுவது கேடன்று, நலமே. அவர்களுக்கு ஓர் எதிர்காலம் உண்டு என்பது அதன் கருத்து. மிக இனிய வசனம். கிறிஸ்தவ உலகில் இதைப்போல அட்டையிலும் நாட்காட்டியிலும் ஏறிய வசனங்கள் சிலவே இருக்கும். அடுக்களையில், அரிசிப் பானைக்கு மேலே, அதை ஒட்டி வைத்தோம்.

அவ்வாண்டு பங்குனி மாதத்தில் நாங்கள் ஊழியம் செய்த தொழிற்சாலையின் வாயில் பூட்டப்பட்டது. அதற்கு முன்பே நான்கு மாதச் சம்பளம் நிலுவை. அதன் பெயர் இங்கே வேண்டா. இந்த அவையிலேயே எங்களோடு அதே வாயிலில் காத்து நின்றவர்கள் இருக்கிறார்கள். வாயில் திறக்கும் என்று ஒவ்வொரு திங்களும் சொன்னார்கள். நாங்களும் அட்டையைப் பார்த்து, நலமே என்று இறைவன் சொல்லியிருக்கிறாரே, அடுத்த மாதம் திறந்துவிடும் என்று ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டோம். பள்ளிக் கட்டணம் கட்ட வளையல் போயிற்று. வாயில் திறக்கவில்லை. மறைப்பானேன்? ஐப்பசியில் ஓர் இரவு, அந்த அட்டையைச் சுவரிலிருந்து கிழித்து எடுத்து மேசை அறைக்குள் போட்டோம். கிழிக்கும்போது சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது.

ஊரிலிருந்த எங்கள் தாயாருக்கு இதை எழுதினோம். அவர் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். மறுமொழியாக வந்த இன்லண்டு கடிதத்தில் ஆறுதல் மொழி ஒன்றும் இல்லை. "மக்களே, அந்த வசனத்துக்கு மேலும் கீழும் படித்தீர்களா?" என்று மட்டும் கேட்டிருந்தார். எங்களுக்குச் சினமே மூண்டது. ஆயினும் தாயார் சொல்லைத் தட்டலாகாது என்று அன்றிரவு அதிகாரம் முழுவதையும், அதற்கு முந்தைய அதிகாரத்தையும் சேர்த்து வாசித்தோம்.

அன்பர்களே, அது ஒரு கடிதம் என்பதையே அன்றுதான் உணர்ந்தோம். கி.மு. 597-இல் பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பணியவைத்து, அரசனையும் பிரபுக்களையும், அவர்களோடு தச்சரையும் கொல்லரையும் தன் நாட்டுக்குக் கொண்டு சென்றான். கைத்தொழில் அறிந்தவர்களைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோனான் என்பதைக் கவனியுங்கள். அவ்வாறு அயல்நாட்டில் குடியமர்த்தப்பட்டோருக்கு, எருசலேமிலேயே தங்கிவிட்ட எரேமியா என்னும் தீர்க்கதரிசி எழுதி அனுப்பிய திருமுகமே அந்த 29-ஆம் அதிகாரம்.

அக்காலத்தில் அனனியா என்ற வேறொரு தீர்க்கதரிசி இருந்தான். இரண்டே ஆண்டுகளில் எல்லாரும் ஊர் திரும்பிவிடலாம் என்று அவன் கோவிலில் நின்று முழங்கினான். கேட்போர் செவிக்கு எத்துணை இனிமை! எரேமியாவோ அதை மறுத்தான். எழுபது ஆண்டுகள் ஆகும் என்றான். எழுபது ஆண்டுகள் என்றால் என்ன பொருள்? அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கிப் படித்த வயது வந்தோர் அனைவரும் பாபிலோன் மண்ணிலேயே இறப்பர் என்பதே பொருள். ஆகவே வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் பலனை உண்ணுங்கள், மக்களுக்கு மணம் முடியுங்கள், நீங்கள் வாழும் அந்நகரின் நலத்தை நாடுங்கள், அதற்காக மன்றாடுங்கள் என்று எழுதினான். தங்களைச் சிறைப்பிடித்த ஊருக்காக மன்றாட வேண்டுமாம்! இவற்றையெல்லாம் எழுதிய பின்னர்தான் நம் அட்டையில் இருந்த 11-ஆம் வசனம் வருகிறது.

அடுத்த மாதம் வாயில் திறக்கும் என்று அந்த வசனம் எங்களுக்கு ஒருநாளும் சொல்லவில்லை. சொன்னவன் அனனியா. எங்கள் வீட்டுச் சுவரில் எரேமியாவின் எழுத்தை ஒட்டி வைத்துக்கொண்டு, அதிலே அனனியாவின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தோம். இறைவன் பொய்த்துவிட்டார் என்று கலங்கியது எங்கள் வாசிப்பின் குறையால். நாம் கேட்டது கேட்ட நாளில் கிடைக்கும் என்று எண்ணுவதையே விசுவாசம் என்று நம்மில் பலர் கொள்ளுகிறோம். சில பிரசங்கிகளும் அப்படியே கொள்ளச் சொல்லுகிறார்கள். அதை நாங்கள் ஏற்பதற்கில்லை. திரும்பிப் போகும் நாள் தன் வாழ்நாளில் வாராது என்று அறிந்தும், இன்று மண்ணைக் கொத்தி விதை போடுகிறவனின் நெஞ்சில் இருப்பதே நம்பிக்கை.

மறுவாரமே எங்களில் ஒருவர் தையற்பொறியைத் துடைத்து எண்ணெயிட்டார். மற்றவர் சந்தைக் கடையொன்றில் பாதிச் சம்பளத்துக்குக் கணக்கெழுதப் போனார். வாடகை வீடுதானே என்று பதினைந்து ஆண்டுகளாக வெறுமையாகக் கிடந்த பின்கட்டில் ஒரு முருங்கைக் கொம்பை நட்டோம். அண்டை வீட்டு அம்மையார் வாரம் ஒருமுறை அரைத்த மாவை மதிற்சுவர் மேல் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போவார். அவர் முருகனை வழிபடுகிறவர். அந்த மாவில் எங்களுக்கு அன்றைய வேதபாடம் கிடைத்தது. அவர் இதோ முன் வரிசையில் அமர்ந்திருக்கிறார். நாங்கள் இதைச் சொல்வது அவருக்குப் பிடிக்காது.

இங்கே ஒரு செய்தியை இடையில் சொல்ல வேண்டும். எரேமியாவின் கடிதத்தை அம்மக்கள் பின்பற்றினார்களா என்று அறிய ஆவலெழும் அல்லவா? இராக்கு நாட்டில் கிடைத்த களிமண் ஏடுகள் சில அண்மைக் காலத்தில் படித்து வெளியிடப்பட்டிருக்கின்றன. அவற்றுள் மிகப் பழையது கி.மு. 572-ஐச் சேர்ந்தது. பாபிலோன் நாட்டுப்புறத்தில் யூதர்கள் வாழ்ந்த ஓர் ஊரின் பெயர் அவற்றில் வருகிறது. அவ்வூரின் பெயரே 'யூதா ஊர்'! அங்கே அவர்கள் வாற்கோதையும் பேரீச்சையும் பயிரிட்டார்கள், குத்தகை கொடுத்தார்கள், கடன் வாங்கினார்கள், வரி செலுத்தினார்கள். போன இடத்தில் சொந்த ஊரின் பெயரை வைத்துக்கொண்டு, அந்த மண்ணிலேயே வேளாண்மை செய்த அவர்களை நினைக்கும்போது, விந்தியத்துக்கு வடக்கே தமிழ்ச் சங்கம் வைத்து, சித்திரைத் திருநாளுக்கு மாவிலை தேடி அலையும் நமக்கு முறுவல் வாராதோ?

இனி, நாள்தோறும் என்பதைப் பற்றிச் சில சொற்கள். இஸ்ரவேலர் பாலைவனத்தில் நடந்தபோது அவர்களுக்கு மன்னா என்னும் உணவு கிடைத்த வரலாறு யாத்திராகமத்தின் 16-ஆம் அதிகாரத்தில் உள்ளது. அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொள்ள வேண்டும். நாளைக்கு என்று பதுக்கியவன் பானையில் புழு நெளிந்தது. ஓய்வுநாளுக்காக முந்தின நாள் எடுத்தது மட்டும் கெடவில்லை. மாதச் சம்பளக்காரர்களாகிய நமக்கு இது சங்கடமான கதை. நம் மனம் ஆண்டு முழுவதற்குமான உறுதியை ஒரே அட்டையில் வாங்கி வைத்துக்கொள்ளத் தவிக்கிறது. ஊக்கம் அவ்வாறு சேமிப்பில் தங்குவதில்லை என்பதை அந்த 1999-ஆம் ஆண்டு எங்களுக்குக் காட்டியது. செவ்வாய்க்கிழமை காலையில் வாசித்தது செவ்வாய்க்கிழமைக்குப் போதுமானதாக இருந்தது. புதனன்று மீண்டும் பசித்தது.

அந்நாட்களில் நாங்கள் அதிகம் திறந்த பகுதி புலம்பல் என்னும் சிறு நூல். ஐந்தே அதிகாரங்கள். எருசலேம் தீக்கிரையான பின் பாடப்பட்டது. தமிழறிந்தோர்க்கு அதிலே ஒரு நயம் உண்டு. நம் ஆத்திசூடி அகர வரிசையில் செல்வதைப் போல, அதன் முதல் நான்கு அதிகாரங்களும் எபிரெய எழுத்துகள் இருபத்திரண்டின் வரிசையில் அமைந்தவை. மூன்றாம் அதிகாரத்தில் எழுத்துக்கு மூன்று அடியாக அறுபத்தாறு அடிகள். நெஞ்சு சிதறியவன் தன் துயரத்தை எழுத்தெழுத்தாக வரிசைப்படுத்துகிறான்! அந்த மூன்றாம் அதிகாரத்தில் என் வலிமை அழிந்தது என்று கதறிய சில அடிகளுக்குள்ளேயே, இறைவனின் இரக்கம் காலைதோறும் புதிது என்கிறான். பின் மீண்டும் அழுகிறான். அழுகைக்கும் நம்பிக்கைக்கும் இடையே மதில் எழுப்பாத அந்த நேர்மை எங்களுக்கு மிகவும் உதவியது.

நாளுக்கொரு வசனம் என்னும் வழக்கம் பரவியதும் குடிபெயர்ந்தோரால்தான். மொராவியா நாட்டில் சமயத்தின் பொருட்டு ஒடுக்கப்பட்டோர் சிலர் ஜெர்மனியில் சின்சென்டார்ப் பிரபுவின் நிலத்தில் 1722-இல் ஹெர்ன்ஹூட் என்ற குடியிருப்பை அமைத்தனர். 1728 மே 3-ஆம் நாள் மாலையில் அப்பிரபு மறுநாளுக்கென ஒரு வாசகத்தைக் கொடுத்தார். அது முதல் அன்றாட வாசகம் வீடு வீடாகச் சென்று சொல்லப்பட்டது. 1731-ஆம் ஆண்டுக்கு அது நூலாக அச்சாயிற்று. இன்றளவும் ஆண்டுதோறும் பல மொழிகளில் வெளிவருகிறது. அதே 1728-ஆம் ஆண்டில்தான் நம் தரங்கம்பாடியில் தமிழ்ப் பழைய ஏற்பாடு முழுமை பெற்றது. 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் புதிய ஏற்பாட்டை அச்சேற்றி, பழைய ஏற்பாட்டில் ரூத்தின் சரித்திரம் வரை மொழிபெயர்த்து 1719-இல் மறைந்தார். எஞ்சியதைச் சூல்ச்சு ஐயர் முடித்தார். அதன் பயனாக எரேமியாவின் கடிதம் தமிழில் அச்சாகி வந்தது.

அந்தத் தமிழைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாங்கள் வீட்டில் வாசிப்பது 1871-ஆம் ஆண்டின் மொழிபெயர்ப்பின் வழிவந்த பழைய நடை. எளிய நடையில் புதிய மொழிபெயர்ப்புகள் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு அவை நல்லவை. ஆனால் பள்ளியில் தேவநாகரி மட்டுமே கற்ற எங்கள் மக்கள் இருவரும் தமிழெழுத்தைக் கூட்டிப் படிக்கக் கற்றது அந்தப் பழைய நடையில்தான். காலையில் ஆளுக்கு இரண்டு வசனம். அதனால் இளையவள் கடைக்காரரிடம் போய், "எனக்குச் சர்க்கரை தந்தருளும்" என்று கேட்டதும் உண்டு. தமிழர் கடை, அவர் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

தொழிற்சாலை பின்னரும் திறக்கவில்லை. நிலுவையில் ஒரு பகுதி ஏழாண்டுகளுக்குப் பிறகு வந்தது, எஞ்சியது வரவில்லை. அதை வெற்றிக் கதையாக்கிச் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை. தாயார் 2004-இல் காலமானார். அவருடைய வேதாகமத்தில் எரேமியாவின் அந்த அதிகாரத்தருகே பென்சிலால் மூன்று தேதிகள் குறிக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்று எங்கள் தந்தையார் இறந்த மறுநாள். மற்ற இரண்டும் எதற்கென்று தெரியவில்லை. எங்களுக்குச் சொல்லாத துயரங்களாக இருக்கலாம்.

மேசை அறைக்குள் போட்ட அட்டையைத் திரும்ப எடுத்து ஒட்டினோம். 11-ஆம் வசனத்துக்கு மேலே இருந்த வெற்றிடத்தில், தோட்டம் போடச் சொல்லும் 5-ஆம் வசனத்தின் எண்ணை மட்டும் மையால் எழுதி வைத்திருக்கிறோம். பின்கட்டில் நட்ட முருங்கை ஒருமுறை புயலில் முறிந்து மீண்டும் துளிர்த்தது. இவ்வாண்டு நன்றாகக் காய்த்திருக்கிறது. இன்று இவ்விழா முடிந்ததும் பந்தியில் பரிமாறப்படவிருக்கும் சாம்பாரில் இருப்பது அந்தக் காய்தான். உப்பு சற்றுக் குறைவு என்று சமையற்கூடத்திலிருந்து தகவல் வந்திருக்கிறது, பொறுத்தருள்க.