கதிரையைக் கவிழ்த்துப் பாருங்கள்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



வெளிநாட்டில் வாழ்ந்த அனுபவத்திலிருந்து பயனுள்ளதாக ஏதாவது பேசும்படி செயலாளர் கேட்டார். நான் பெற்ற பதவிகளைவிட நான் ஏமாந்த கதைதான் உங்களுக்கு அதிகம் பயன்படும் என்று தோன்றியது.

ஹொங்கொங்கில் இருபது வருடங்களுக்கு மேல் கணக்காளராக இருந்தேன். அம்மா காலமான பின் அவரது காப்புகளை விற்று, சகோதரங்கள் பங்கிட்டுக்கொண்டோம். என் பங்கு கரைந்துவிடாமல் ஒரு பொருளாக நிற்கட்டும் என்று நினைத்து, பழம்பொருள் கடையொன்றில் சீனக் கைபிடிக் கதிரை ஒன்றை வாங்கினேன். இருநூறு வருடப் பழைமை, அறிஞர் ஒருவரின் வீட்டிலிருந்து வந்தது, பிரம்பு இருக்கை கிழிந்ததால் பிற்காலத்தில் பலகை போட்டிருக்கிறார்கள் என்றெல்லாம் சொன்னார்கள். நம்பினேன்.

சில வருடங்களின் பின், வேறொரு மேசையைத் திருத்த வந்த வயதான தச்சர் அந்தக் கதிரையைக் கண்டார். ஒன்றும் பேசாமல் அதைக் கவிழ்த்தார். "பிரம்பு பின்னிய இருக்கை என்றால் துளைகள் எங்கே?" என்று கேட்டார். அன்றுதான் என் படிப்பு தொடங்கியது. அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் இருக்கையின் அடிப்பக்கம். பழைய சீனக் கதிரைகள் பலவற்றில் இருக்கைச் சட்டத்தைச் சுற்றி வரிசையாகச் சிறு துளைகள் இட்டு, அவற்றினூடாகப் பிரம்பு பின்னுவார்கள். பிறகு பலகை போட்டாலும் அந்தத் துளைகள், அடைக்கப்பட்டாவது, சட்டத்தில் இருக்கும். உட்காரும்போது பிரம்பு தாழும் என்பதால் அதற்குக் கீழே குறுக்குச் சட்டங்களை வளைத்து வைப்பார்கள். என் கதிரையில் துளையும் இல்லை, வளைவும் இல்லை. அது தொடக்கத்திலிருந்தே பலகைக் கதிரை. ஆகவே கடைக்காரர் சொன்ன கதை பொய்.

இரண்டாவது, கால்கள். காலடிச் சட்டங்களில் முன்சட்டம் தாழ்ந்தும், பக்கச் சட்டங்கள் சற்று உயர்ந்தும், பின்சட்டம் அதைவிட உயர்ந்தும் இருப்பது ஒரு வழக்கமான அமைப்பு. எல்லாப் பொருத்துகளும் ஒரே உயரத்தில் வந்தால் கால் பலவீனப்படும் என்பது அதன் காரணம். முன்சட்டத்தில் தலைமுறைகளாகப் பாதம் வைத்திருந்தால் அதன் நடுப்பகுதி தேய்ந்திருக்கும். அந்தத் தேய்வு ஒழுங்கற்றது. இயந்திரத்தால் தேய்த்தது ஒரே சீராக இருக்கும். முன்சட்டம் தரையோடு ஒட்டி நின்றால், ஈரத்தில் உக்கிய கால்களை வெட்டிக் குறைத்திருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். அது போலி என்பதற்கு அடையாளமல்ல, பழுது என்பதற்கு அடையாளம். விலை பேசும்போது உதவும்.

மூன்றாவது, பொருத்துகள். நல்ல வேலையில் ஆணி இராது, பசையும் மிகக் குறைவு. ஒரு மரத்தின் நுனியை நாக்குப் போலச் செதுக்கி, மற்றதில் வெட்டிய குழியில் இறுக்குவார்கள். பின்காலும் முதுகுத் தூணும் பெரும்பாலும் ஒரே மரமாக, இருக்கைச் சட்டத்தை ஊடறுத்து மேலே போகும். மேசைப் பலகையைச் சட்டத்தின் பள்ளத்தில் தளர்வாகச் செருகுவார்கள். மழைக்காலத்தில் மரம் பருக்கும், வறட்சியில் சுருங்கும். அதற்கு இடம் வேண்டும் அல்லவா? நெடுங்காலம் சுருங்கிய பலகையின் ஓரத்தில், முன்பு பள்ளத்துக்குள் மறைந்திருந்த மெல்லிய கீற்று வெளியே தெரியும்.

நான்காவது, ஒருவரும் மினுக்காத இடங்கள். லாச்சியை வெளியே எடுத்து அதன் முதுகைப் பாருங்கள். கைவாளின் தடம் நேராகவும் ஒழுங்கில்லாமலும் இருக்கும். வட்டவாளின் தடம் வில்லாக வளைந்திருக்கும். பூச்சியும் ஈரமும் அணுகாதிருக்க மேசையின் அடியில் துணி ஒட்டி அரக்குப் பூசும் வழக்கம் உண்டு. பழைய பூச்சு வெடித்து உதிரும். கறுப்பு வர்ணம் அடித்த போலி ஒரே மாதிரி இருக்கும்.

கடைசியாகத்தான் மரத்தின் பெயர். மிங் காலத்துத் தளபாடம் (1368–1644) என்றதும் ஹைனான் தீவின் ஹுவாங்ஹுவாலி மரத்தைச் சொல்வார்கள். ஆனால் சாதாரண வீடுகளில் இல்ம், வால்நட் போன்ற மரங்களில் செய்தவையும் உண்மையான பழம்பொருள்களே. எச்சரிக்கை ஒன்று: பழைய வீடுகளின் உத்தரங்களை அறுத்துப் புதிய கதிரை செய்கிறார்கள். மரத்துக்கு இருநூறு வயது இருக்கலாம், கதிரைக்கு இரண்டு வயது. மரம் பழையது என்பதால் பொருளும் பழையதாகிவிடாது.

வாங்க விரும்புபவர்கள் முதலில் உண்மையானவற்றைப் பார்த்துக் கண்ணைப் பழக்குங்கள். வாங் ஷிஷியாங் (1914–2009) சேகரித்த 79 தளபாடங்கள் ஷங்காய் அருங்காட்சியகத்தில் உள்ளன. இத்துறையின் அடிப்படை நூல்களில் ஒன்றை 1985இல் வெளியிட்டவர் அவர். கடைக்குப் போகும்போது கைவிளக்கு ஒன்றையும் பூதக்கண்ணாடி ஒன்றையும் கொண்டு செல்லுங்கள். காலம், மரம், திருத்தவேலை மூன்றையும் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள். நான் கணக்காளராக இருந்தும் அதைக் கேட்கவில்லை என்பதுதான் இன்றும் வெட்கம்.

அந்தக் கதிரை இன்னும் என் வீட்டில் இருக்கிறது. வசதியாக உட்காரலாம். அதற்கு நான் கொடுத்தது அம்மாவின் காப்பு என்பதை மட்டும் மறக்க முடியவில்லை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீடுகளில் பாட்டி காலத்துப் பெட்டகமோ முதிரை மேசையோ இருந்தால், அதைச் சுரண்டிப் புது வார்னிஷ் அடிக்க முன், ஒருமுறை அடிப்பக்கத்தைப் பாருங்கள். தேய்வும் கறையும்தான் அதன் பிறப்புச் சான்றிதழ். அதை நாமே அழித்துவிட வேண்டாம்.