குளியலறைக் கசிவு: அடைக்கும் முன் ஒரு சோதனை
கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிந்ததும் குளியலறை டைல்ஸ் இடுக்கில் வெள்ளை சிமென்ட்டை அடைத்துவிடுகிறோம். அதனால் கசிவு நிற்காது. சிமென்ட் கிரவுட் தண்ணீரை உறிஞ்சும். நீரைத் தடுப்பது டைல்ஸுக்கு அடியிலுள்ள வாட்டர்புரூஃபிங் பூச்சுதான். ஆகவே முதலில் இரண்டு நாள் அந்த அறையைப் பயன்படுத்தாமல் விடுங்கள். அப்போதும் கீழே ஈரம் கூடினால், எப்போதும் நீர் நிற்கும் குழாயைச் சந்தேகிக்கலாம். குறைந்தால், தரையோ கழிவுக் குழாயோ காரணம். தண்ணீர் போகும் துளையை அடைத்து, 24 மணி நேரம் நீரைத் தேக்கிப் பாருங்கள். கீழே கசிந்தால் குற்றவாளி தரைதான்.

தரையை உடைக்கப் பெருஞ்செலவாகுமே, எபாக்ஸி கிரவுட் போதாதா என்பது நியாயமான கேள்வி. பழைய கிரவுட்டை முழுதாகச் சுரண்டிவிட்டு நிரப்பினால் கசிவு வெகுவாகக் குறையும். சுவரும் தரையும் சேரும் மூலையில் மட்டும், இரண்டும் வெவ்வேறாக அசைவதால், சிலிக்கான் சீலன்ட் வேண்டும். பிறகும் சொட்டினால் உடைப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். உள்ளே கம்பி துருப்பிடித்தால் கான்கிரீட்டே பெயர்ந்துவிடும்.