வெள்ளியங்கிரிக்குத் தனியாகப் போன அக்கா

(வெள்ளகோவிலில் நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



இன்றைக்கு நாங்கள் பேச எடுத்துக்கொண்டது மலையேறுவது பற்றி. "தறிக்குடோனுக்கும் பனியன் கம்பெனிக்கும் ஓடவே நேரம் இல்லை, இதுல மலையேத்தமா?" என்று பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. சிரிங்க, பரவாயில்லை. ஆனால் மாசி பிறந்தால் நம்ம பக்கத்தில் இருந்து எத்தனை வேன் பூண்டிக்குப் போகுதுன்னு எண்ணிப் பாருங்க. பிப்ரவரியில் இருந்து மே மாதம் வரைதான் வெள்ளியங்கிரி ஏற வனத்துறை விடுகிறது. பத்து வயதுக்கு மேல், ஐம்பது வயதுக்குள் இருக்கிற பெண்கள் ஏறுவதில்லை என்பது அங்கே உள்ள வழக்கம். அதனால் நம்மில் ஏறப் போகிறவர்கள் எல்லாம் ஐம்பதைத் தாண்டியவர்கள்தான். முட்டி வலியும் பிரஷர் மாத்திரையும் வந்த பிறகுதான் நமக்கு மலையே திறக்குது!

எங்கள் குழுவில் ஒரு அக்கா இருக்கிறார். வயது ஐம்பத்து மூன்று. தார் சுற்றும் வேலை. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், ஆனால் நடந்ததைச் சொல்லச் சொன்னதே அவர்தான். பேரனுக்கு நெஞ்சில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் துணை இல்லாமல், ஒத்தையாக மலையேறி வருகிறேன் என்று வேண்டிக்கொண்டார். பேரன் பிழைத்து வந்தான். 2024 சித்திரையில் அக்கா கிளம்பிவிட்டார். மருமகளிடம் சொன்னால் விட மாட்டாள் என்று, "பேரூர்ல எங்க அக்கா ஊட்டுக்குப் போயிட்டு வர்றேன் சாமி" என்று பொய் சொல்லிவிட்டு சனிக்கிழமை மதியம் பஸ் ஏறினார்.

அந்தச் சித்திரை எப்படி இருந்தது என்று உங்களுக்கு மறந்திருக்காது. பக்கத்தில் இருக்கிற கரூர் பரமத்தியும் ஈரோடும் தினமும் நாற்பது டிகிரிக்கு மேலே என்று செய்தியில் சொன்னார்கள். தறிக்குடோனுக்குள்ளே நின்றவர்களுக்குச் செய்தி தேவையே இல்லை.

பூண்டியில் இருந்து ஏழு மலை. ஒரு வழிக்கே ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர், உச்சி சுமார் 6,000 அடி உயரம். அக்கா மூங்கில் தடி ஒன்று வாங்கிக்கொண்டு ராத்திரி ஒன்பது மணிக்கு ஏற ஆரம்பித்தார். விரதம் என்பதால் சாப்பிடவில்லை. கையில் ஒரே ஒரு லிட்டர் தண்ணீர். முதல் மலைப் படிக்கட்டே மூச்சு வாங்கியது. ஆனாலும் ராத்திரிக் குளிர்ச்சியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிவிட்டார். மேலே போகப் போக காற்று. பல் கிட்டுகிற மாதிரி குளிர். விடியும்போது ஏழாவது மலையில் சாமி கும்பிட்டார். "அந்த நேரம் என்ர காலு பூமியில இல்லீங்க" என்று சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பாடு எல்லாம் இறங்கும்போதுதான் வந்தது. இதை நாங்கள் யாரும் யோசித்ததே இல்லை. ஏறுவதுதான் கஷ்டம், இறங்குவது சும்மா உருண்டு வந்துவிடலாம் என்று நினைக்கிறோம். ராத்திரி ஏறினவர்கள் இறங்குவது வெயிலில். மலையில் ஆயிரம் அடி இறங்கினால் ஏறத்தாழ இரண்டு டிகிரி சூடு கூடும். மேலே குளிரில் நடுங்கினவர், பொழுது உச்சிக்கு ஏற ஏற, தானும் சூட்டுக்குள்ளே இறங்கி வருகிறார். மேல் மலைகளில் புல்வெளிதான், ஒதுங்க நிழல் கிடையாது. தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, பாட்டிலும் காலி. சுனையில் நூல் மாதிரிதான் தண்ணீர் சொட்டியது, அதற்கும் முன்னால் பத்துப் பேர் நின்றார்கள். காத்திருக்கப் பொறுமை இல்லாமல் அக்கா நடந்துவிட்டார். அது தப்பு என்று அவரே சொல்கிறார்.

காலையில் வழக்கம்போல பிரஷர் மாத்திரையையும் போட்டிருந்தார். பிரஷருக்குக் கொடுக்கிற மாத்திரைகளில் சிலது ஒண்ணுக்கு அதிகம் போக வைத்து, உடம்பில் இருக்கிற தண்ணீரை வெளியே தள்ளும். வேர்வையிலும் தண்ணீர் போகுது, இதிலும் போகுது. மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. மலைக்குப் போகிறேன் என்று டாக்டரிடம் முன்னாடியே சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பகல் பன்னிரண்டு மணி இருக்கும். கெண்டைக்கால் இரண்டும் சுருட்டிப் பிடித்தது. தலை சுற்றல், குமட்டல், கண் இருட்டியது. ஒரு பாறை ஓரம் சாய்ந்துவிட்டார். போனில் சார்ஜ் இல்லை. "எம்பேரு கூட அங்க யாருக்கும் தெரியாதேன்னு நெனச்சனுங்க" என்றார். அதைக் கேட்டபோது எங்களில் இரண்டு பேர் அழுதுவிட்டோம்.

இங்கே வெள்ளகோவிலில் அன்றைக்கு ஞாயிறு சாயங்காலம் எங்கள் குழுக் கூட்டம். பெட்டிச் சாவி அக்காவிடம். ஆறு வருடத்தில் ஒரு கூட்டத்துக்கும் வராமல் இருந்ததில்லை. மருமகளைக் கேட்டால் பேரூர் என்றாள். பேரூருக்குப் போன் போட்டால் "இங்க வரவே இல்லீங்களே" என்றார்கள். அப்புறம் இரண்டு மணி நேரம் நாங்கள் பட்ட பாடு! அவருக்கு லோன் எவ்வளவு பாக்கி, எந்தத் தேதியில் கட்டுவார் என்று எங்களுக்கு மனப்பாடம். ஆள் எங்கே என்று ஒருத்திக்கும் தெரியவில்லை.

அக்காவைக் காப்பாற்றியது முன்பின் தெரியாத நாலு காலேஜ் பையன்கள். நிழலுக்குத் தூக்கிப் போய், முந்தானையை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து, விசிறிவிட்டு, உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்துக் கைத்தாங்கலாக இறக்கிக் கூட்டி வந்தார்கள். ராத்திரி ஏழு மணிக்குப் பூண்டியில் ஒரு கடையில் இருந்து அவர் குரல் வந்தது. மருமகள் போனை வாங்கி முதலில் திட்டினாள், அப்புறம் அழுதாள்.

அவருக்கு வந்தது வெயில் களைப்பு. அதோடு நின்றது. உடம்புச் சூடு நாற்பது டிகிரிக்கு மேல் போனால் ஆள் உளற ஆரம்பிப்பார், நினைவு தப்பும். அதுதான் வெப்ப வாதம், உயிருக்கே ஆபத்து. அப்படி உளறுகிறவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே 108க்குச் சொல்ல வேண்டும். மலை மேலே 108 வண்டி வராது, டோலி கட்டித்தான் இறக்க வேண்டும். அதே 2024 பருவத்தில் வெள்ளியங்கிரி ஏறப் போனவர்கள் பல பேர் மூச்சுத் திணறியும் நெஞ்சு வலித்தும் இறந்தார்கள். இருதய நோய், மூச்சுக் கோளாறு இருப்பவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை கேட்டுக்கொண்டது.

இன்னொன்றும் ஞாபகம் வைக்க வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சென்னைக்காரர்களோடு நம்ம ஈரோடு, திருப்பூர் பக்கத்துப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள், பெண்கள் நிறைய. கோடையில் காய்ந்த புல்லுக்கு ஒரு பொறி போதும். மலையில் சூடம் கொளுத்துகிறவர்களைப் பார்த்தால் எங்களுக்கு இப்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது.

பெண்கள் மலை ஏறக் கூடாது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. விருதுநகர் மாவட்டத்துப் பெண் முத்தமிழ்ச்செல்வி 2023 மே மாதம் எவரெஸ்ட் உச்சிக்கே போய் வந்தார். தமிழ்நாட்டில் இருந்து அங்கே ஏறிய முதல் பெண் அவர். அவரும் குழுவோடு, ஷெர்பா துணையோடுதான் போனார். பயிற்சியும் எடுத்துக்கொண்டார். எவரெஸ்டுக்கே துணை வேண்டியிருக்கிறது. அப்புறம் நமக்கு என்ன ரோஷம்?

"வேண்டுதலே ஒத்தையா வர்றேன்னுதானே?" என்று ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. சாமிக்கும் நமக்கும் நடுவில் நாங்கள் வரவில்லை. ஒத்தையாகவே நடங்கள், பத்தடி பின்னால் இரண்டு பேர் வரட்டும்.

இந்த மாசிக்கு எங்கள் குழுவில் ஐந்து பேர் போகிறோம். அந்த அக்காவும் வருகிறார், இந்த முறை மருமகளே பை கட்டித் தருகிறாளாம். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு மட்டக் கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. டீக்கரண்டி அளவுதான், குழம்புக் கரண்டி இல்லை. புளிச்சோறு, கடலைமிட்டாய். பாட்டிலுக்கு அடிவாரத்தில் ஸ்டிக்கர் ஒட்டி முன்பணம் வாங்குவார்கள், காலி பாட்டிலைத் திருப்பிக் காட்டினால்தான் அந்தப் பணம் வரும். வெயில் ஏறுவதற்குள் பாதி மலையாவது இறங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் நிழலில் உட்கார்ந்து சாயங்காலம் இறங்க வேண்டும். போகிறவர்கள் பெயர், வீட்டு நம்பர், திரும்புகிற நேரம் எல்லாம் தீர்மானப் புத்தகத்தில் எழுதியாகிவிட்டது. பெட்டிச் சாவியை இந்த முறை பிரதிநிதியிடம் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவோம்.

வேறு குழுக்களில் இருந்து வருகிறவர்கள் டீ குடித்துவிட்டு இங்கேயே பெயர் கொடுத்துவிட்டுப் போங்க.