தங்கத் தாமரை

தேசியத் திரைப்பட விருதுப் பட்டியல் வெளியானதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "சிறந்த நடிகர் யாரு?" அடுத்தது, "இப்படி ஒரு படம் வந்துச்சா?"

1954-இல் இந்த விருதுகள் தொடங்கியபோது முதல் கேள்விக்கே இடமில்லை. படங்களுக்குத்தான் பதக்கம். ஆச்சார்ய அத்ரே எடுத்த 'ஷியாம்சி ஆயி' என்ற மராத்திப் படம் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கத்தை முதன்முதலில் பெற்றது. ஓர் ஏழைத் தாய், அவள் மகன், அவ்வளவுதான் கதை. நடிகர் நடிகையருக்கென விருது வந்தது 1967-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான். உத்தம் குமாரும் நர்கிஸும் வாங்கினார்கள். பிறகு 'ரிக்‌ஷாக்கார'னுக்காக எம்.ஜி.ஆர். வாங்கினார். சிவாஜிக்குக் கடைசிவரை அது கிடைக்கவில்லை. டீக்கடைகளில் அந்த வழக்கு இன்னும் நடக்கிறது. நான் உள்ளே புகப்போவதில்லை.

இரண்டாவது கேள்விக்கு விடை ஒரு விதியில் இருக்கிறது. படம் தியேட்டரில் ஓடியதா என்று நடுவர் குழு கேட்பதில்லை. அந்த ஆண்டுக்குள் தணிக்கைச் சான்றிதழ் வாங்கி, தயாரிப்பாளர் விண்ணப்பித்திருந்தால் போதும். ஊரில் போஸ்டர்கூட ஒட்டாத படம் டெல்லியில் பரிசு வாங்குவது இப்படித்தான்.

தமிழில் சிறந்த படம் என்ற பரிசு நமக்குப் புதிதல்ல. 1954-ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருதிலேயே 'மலைக்கள்ளன்' வெள்ளிப் பதக்கம் வாங்கிவிட்டது. ஆனால், எல்லா மொழிகளோடும் போட்டியிட்டு, நாட்டின் சிறந்த படம் என்ற தங்கத் தாமரையை எட்ட 38-ஆவது விருதுவரை காத்திருந்தோம். அந்தப் படம் 'மறுபக்கம்'. இந்திரா பார்த்தசாரதியின் 'உச்சி வெயில்' கதையை கே.எஸ். சேதுமாதவன் இயக்க, தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் தயாரித்தது. சிவகுமார் நடித்த படம். அவருடைய மற்ற படங்களை வரிசையாகச் சொல்பவர்கள்கூட இதை விட்டுவிடுகிறார்கள்.

அடுத்த தங்கத் தாமரை 2007-ஆம் ஆண்டின் 'காஞ்சிவர'த்துக்கு. மகளின் கல்யாணத்துக்குப் பட்டுச் சேலை கொடுப்பேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத் தவிக்கும் நெசவாளியின் கதை, பிரியதர்ஷன் இயக்கியது. நமக்கு முதல் இரண்டு தங்கத் தாமரைகளையும் வாங்கித் தந்த இயக்குநர்கள் மலையாளத் திரையிலிருந்து வந்தவர்கள் என்பதைக் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும். மூன்றாவது, சுதா கொங்கராவின் 'சூரரைப் போற்று'.

அடுத்த பட்டியல் வரும்போது நடிகர் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். கேள்விப்படாத படப் பெயர் ஒன்றையாவது குறித்துவைத்துத் தேடிப் பாருங்கள். அதுவரை, 'மறுபக்கம்' பார்க்காதவர்கள் அதைப் பார்த்துவிடுங்கள்.