படியும் கிலோவும்

தாயகத்தை விட்டு வேறு மாநிலங்களில் குடியேறி வாழும் நாம் உடன் கொண்டுவந்த செல்வங்களுள் பாட்டிமாரின் சமையற் குறிப்பும் ஒன்று. ஆனால் அக்குறிப்பு படியும் ஆழாக்கும் பேசும். கடைக்காரரோ கிலோ பேசுவார். இவ்விரண்டையும் இணக்குவது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சு.

எடையையும் அளவையையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் 1956இல் இயற்றப்பட்டது. 1958 அக்டோபர் தொடங்கி மெட்ரிக் எடைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. பலமும் வீசையும் கடைத்தெருவினின்று மறைந்தன. அடுக்களை ஏடுகளில் மட்டும் நிலைத்துவிட்டன.

எங்கள் இல்லத்து ஏட்டில் அதிரசத்திற்கு, ‘ஒரு படி பச்சரிசி, முக்கால் வீசை வெல்லம்’ என்று எழுதியிருந்தது. ஒரு வீசைக்கு 40 பலம். ஒரு பலம் ஏறத்தாழ 35 கிராம். எனவே முக்கால் வீசை என்பது ஒரு கிலோ 50 கிராம் அளவில் வரும். வெல்லத்தின் கணக்கு இவ்வாறு எளிதில் தீர்ந்தது. படி என்பது ஒரு கிலோ என்று யாரோ சொன்னதை நம்பி, தில்லியில் ஒரு தீபாவளிக்கு மாவு பிசைந்தோம். எண்ணெயில் இட்டதும் அதிரசம் அத்தனையும் பிரிந்து கரைந்தது. பாட்டியார் காலமான பின் வந்த முதல் தீபாவளி அது. கேட்டுத் தெளிய அவர் இல்லையே என்ற வருத்தம் பலகாரம் கெட்ட வருத்தத்தினும் பெரிதாயிருந்தது.

பிழை எங்கே? படி என்பது கொள்ளளவு, எடையன்று. எட்டு ஆழாக்கு ஒரு படி என்னும் வாய்பாடு பொதுவாயினும், பெரிய படி, சின்னப் படி, பட்டணம் படி என அதன் அளவு ஊருக்கு ஊர் வேறுபட்டது. ஆகவே எந்தப் படி என்று அறியாமல் கணக்கிடுவது வீண்.

இதற்கு ஓர் எளிய வழி உண்டு. பழைய படியை வெறுமையாக நிறுத்து, பின் விளிம்பு வரை நீர் நிரப்பி நிறுக்க வேண்டும். ஒரு கிராம் நீர் ஏறத்தாழ ஒரு மில்லி லிட்டர். ஊரிலிருந்த எங்கள் அத்தையார் அவ்வாறே நிறுத்துச் சொன்னார்: நீர் ஒரு கிலோ 680 கிராம். அதே படியில் தலைதட்டி அளந்த பச்சரிசி ஒரு கிலோ 380 கிராம். அப்படியானால் ஒரு கிலோ அரிசிக்கு 760 கிராம் வெல்லமே போதும். நாங்களோ ஏறக்குறைய 300 கிராம் மிகையாகச் சேர்த்திருந்தோம்! மறு ஆண்டு அதிரசம் குலையாமல் எழுந்தது.

ஒரே பாத்திரம் எல்லாப் பொருளுக்கும் ஒரே எடை காட்டாது என்பதையும் நினைவிற் கொள்க. 200 மில்லி கொள்ளும் கிண்ணத்தில் பச்சரிசி ஏறத்தாழ 165 கிராமும், சர்க்கரை 170 கிராமும் பிடிக்கும். கோதுமை மாவைத் தளர நிரப்பினால் 110 கிராமளவே நிற்கும், அழுத்தினால் கூடும். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம். அரிசியும் உளுந்தும் கிட்டத்தட்ட ஒரே அடர்த்தி உடையவை. ஆதலின் நாலுக்கு ஒன்று என்னும் இட்லிக் கணக்கை எடையிலும் அப்படியே கொள்ளலாம். மாவுக்கும் உப்புக்கும் அவ்விதி பொருந்தாது.

நேயர்களே, ஊரிலுள்ள பழைய படியையும் உழக்கையும் பழம் பாத்திரக் கடைக்குப் போடுமுன் ஒருமுறை நீர் நிரப்பி நிறுத்து, அந்த எண்ணை ஏட்டின் ஓரத்தில் குறித்து வையுங்கள். பாத்திரம் போனாலும் பாட்டியின் கையளவு நம்மிடம் தங்கும்.